இருபது நிமிடங்களை யார் தருவது?

திங்கட்கிழமை காலையில் எங்கள் எலும்பு மூட்டு வெளிநோயாளர் பிரிவின் வரிசையைப் பார்த்தாலே, ஞாயிற்றுக்கிழமை மாலையில் இந்த வட்டாரத்தின் எந்தெந்த மைதானங்களில் ஆட்டம் நடந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். முழங்காலைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு தந்தையின் தோளைப் பற்றியபடி வரும் பள்ளி மாணவன். கணுக்கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் ஒற்றைக் காலில் தாவி வரும் கல்லூரி மாணவி. அலுவலக அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து இன்னும் கழற்றாமல், "ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஒருவருமில்லை" என்று சொல்லும் முப்பத்தைந்து வயதுக்காரர். கடைசியாகச் சொன்னவருக்குப் பெரும்பாலும் குதிகாலுக்கு மேலுள்ள தடித்த தசைநாண் அறுந்திருக்கும். அந்த உதையை உணராமல் வந்தவர்கள் மிகக் குறைவு.

இவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "எத்தனை நாளில் மறுபடியும் ஆடலாம், டாக்டர்?" இது ஏன் வந்தது, வராமல் தடுத்திருக்க முடியுமா என்று கேட்பவர்கள் அரியவர்கள். கேட்காதது அவர்கள் குற்றமன்று; அந்தக் கேள்வியை நாங்களே முன்வந்து எழுப்புவதில்லை. வலிக்கு மருந்து, எலும்புக்கு மாவுக்கட்டு, ஜவ்வுக்கு அறுவைச் சிகிச்சை என்று எங்கள் வேலையை முடித்துக்கொண்டு அடுத்த சீட்டை அழைக்கிறோம். இவ்விதழில் அக்குறையை ஓரளவு ஈடுசெய்ய விரும்புகிறோம். விளையாட்டுக் காயங்களில் கணிசமானவை தடுக்கத்தக்கவை என்பதும், தடுக்கும் வழி செலவில்லாதது என்பதும், அந்த வழி பெரிய கழகங்களின் வாசலைத் தாண்டி நம் தெருவுக்கு வராமல் நிற்பது நியாயமன்று என்பதும் எங்கள் கருத்து.

முதலில் பெரிய கழகத்தையே பார்ப்போம். ராயப்பேட்டையிலிருந்து அண்ணா சாலையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் பெரியமேட்டில் நேரு விளையாட்டரங்கம். 2014-ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது தோன்றிய சென்னையின் எஃப்.சி. கழகத்தின் களம் அது. 2015 டிசம்பரில் கோவாவில் எஃப்.சி. கோவாவையும், 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் பெங்களூரு எஃப்.சி.யையும், இரண்டு முறையும் 3–2 என்ற கணக்கில் வென்று அக்கழகம் பட்டம் பெற்றது. அந்த இரவுகளில் பட்டாசு வெடித்தவர்களில் எங்கள் ஊழியர்களும் உண்டு.

அந்த இரண்டாவது பட்டத்தை வென்ற அணியின் நடுக்களத்தில் ஆடியவர்களில் ஒருவர் வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ். கால்பந்தைத் தெருவிலிருந்தே கற்றுக்கொள்ளும் பகுதி என்று பெயர் பெற்றது வியாசர்பாடி. அங்கிருந்து புறப்பட்ட ஒருவர் சொந்த ஊரின் கழகத்துக்கு ஆடிப் பட்டம் வென்றதை அப்பகுதிச் சிறுவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. அடுத்த பருவத்தை அவரிடமிருந்து முழங்கால் காயம் பறித்துக்கொண்டது. ஒரு விளையாட்டு வீரரின் நல்ல ஆண்டுகள் பத்தோ பன்னிரண்டோதான். அவற்றில் ஒன்று போவதென்பது, அலுவலகம் செல்லும் நமக்கு மூன்று, நான்கு ஆண்டுச் சம்பளம் நின்றுபோவதற்கு ஒப்பாகும். கழகத்தின் மருத்துவக் குழுவும் கருவிகளும் சூழ இருந்தவருக்கே இந்நிலை என்றால், மேஸ்திரி வேலை செய்யும் தந்தையின் மகன் கதி என்ன என்பதையே நாங்கள் இங்கே எண்ணிப் பார்க்கிறோம்.

தொழில்முறைக் கழகம் ஒன்றில் காயத்தடுப்பு என்ற பெயரில் நடப்பது என்ன? தொலைக்காட்சியில் நாம் காண்பது, வீரர்கள் சட்டையைக் கழற்றும்போது தெரியும் கருப்புக் கச்சு. அதன் முதுகுப்புறத்தில் சிறிய ஜி.பி.எஸ். கருவி இருக்கும். யார் எத்தனை கிலோமீட்டர் ஓடினார், எத்தனை முறை முழு வேகத்தை எட்டினார், எத்தனை முறை சடாரென நின்று திரும்பினார் என்பதை அது பதிவுசெய்கிறது. ஒருவரின் உழைப்பு கடந்த சில வாரங்களின் சராசரியிலிருந்து திடீரென எகிறினால் பயிற்சியைக் குறைக்கச் சொல்வார்கள். எந்த விகிதத்தில் எகிறினால் ஆபத்து என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. ஆயினும், பழகாத உழைப்பை ஒரே வாரத்தில் உடலின்மேல் சுமத்தினால் உடல் முறிந்துகொள்ளும் என்பதை மறுப்பவர் இல்லை. நெல் மூட்டை தூக்கும் தொழிலாளியும் இதை அறிவார்.

இதை நம் லீக்கின் வரலாற்றிலேயே காணலாம். முதல் பருவம் 2014 அக்டோபர் 12 அன்று தொடங்கி டிசம்பர் 20 அன்று முடிந்தது. பத்து வாரங்களுக்குள் ஒவ்வோர் அணியும் 14 லீக் ஆட்டங்கள் ஆடியது; தகுதி பெற்றவர்களுக்கு அதற்கு மேலும் ஆட்டங்கள். இடையிடையே நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு விமானப் பயணம். காலைத் தூக்கி வைத்து ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் விமான நிலைய நாற்காலி. 2017–18 பருவத்திலிருந்துதான் லீக் நான்கு மாத காலத்துக்கு நீண்டது. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தின் விலையை ஆடுபவர்களின் தொடைத்தசைகளே செலுத்துகின்றன என்பதை ஆட்ட அட்டவணை போடுபவர்கள் மறந்துவிடலாகாது. பள்ளிகளுக்கிடையேயான போட்டிகளை மூன்றே நாளில், காலை ஓர் ஆட்டம் மாலை ஓர் ஆட்டம் என நடத்தி முடிக்கும் நம் வழக்கமும் இதில் சேரும்.

கருவிகள் இருந்தால் காயம் நீங்கிவிடும் என்று நினைப்பதும் தவறு. ஐரோப்பாவின் முன்னணிக் கழகங்களில் 2001 முதல் நடந்துவரும் ஓர் ஆய்வு உண்டு. சுவீடன் நாட்டு மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்ட் அதைத் தொடங்கி நடத்தினார். இருபத்தைந்து பேர் கொண்ட ஓர் அணியில் பருவமொன்றுக்கு ஏறத்தாழ 50 காயங்கள், அதாவது ஒருவருக்கு இரண்டு வீதம், ஏற்படுகின்றன என்பது அதன் கணக்கு. இன்னும் வருந்தத்தக்க செய்தி, தொடையின் பின்தசைக் காயத்தைப் பற்றியது. ஆய்வு தொடங்கிய காலத்தில் மொத்தக் காயங்களில் 12 விழுக்காடாக இருந்த அது, 2021–22 பருவத்தில் 24 விழுக்காடாகிவிட்டது. இடைப்பட்ட இருபதாண்டுகளில் கருவிகள் பெருகின, நிபுணர்கள் பெருகினார்கள். ஆட்டத்தின் வேகமும் ஆட்டங்களின் எண்ணிக்கையும் அவற்றைவிடக் கூடுதலாகப் பெருகின.

அதே ஆய்வுக் குழு 2019-இல் வெளியிட்ட இன்னொரு முடிவு எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது. தலைமைப் பயிற்சியாளருக்கும் மருத்துவக் குழுவுக்கும் இடையே பேச்சு ஒழுங்காக நடக்கும் கழகங்களில் காயத்தின் சுமை குறைவு. பேச்சு சரியில்லாத கழகங்களில் அதிகம். அதாவது, "இந்தப் பையனை இன்று ஆட்ட வேண்டாம்" என்று இயன்முறை மருத்துவர் சொன்னால், பயிற்சியாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கருவிக்கு மின்கலமும் வேண்டாம், இறக்குமதி வரியும் இல்லை. ஆனால் நம் பள்ளிகளில், கோச்சிங் முகாம்களில், வீடுகளில் இதுவே கிடைப்பதற்கு அரிதாக இருக்கிறது. மண்டலப் போட்டி நாளை மறுநாள் இருக்கும்போது கால் வலிக்கிறது என்று சொல்லத் துணியும் மாணவன் எத்தனை பேர்? சொன்னால் "நடிக்காதே" என்பதே பதில். பின்பு ஒரு வலிநிவாரணி மாத்திரை, அல்லது எங்கிருந்தோ ஓர் ஊசி, அதன் பின் எங்கள் வரிசை.

தடுக்கவே முடியாத காயங்களும் உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 2020–21 பருவம் நோய்த்தொற்றுக் காலத்தில் கோவாவில் பார்வையாளர் இன்றி நடந்தபோது, சென்னை அணியின் ஆட்டத்தைப் பின்னி நடத்திய பிரேசில் வீரர் ரஃபேல் கிரிவெல்லாரோ கணுக்காலில் காயமுற்று எஞ்சிய பருவம் முழுவதையும் இழந்தார். எதிராளியின் கால் தவறாக வந்து விழும்போது எந்தப் பயிற்சியும் கேடயமாகாது. கால்பந்து, உடலோடு உடல் மோதும் ஆட்டம். நாங்கள் பேசுவது, யாரும் மோதாமலே, தானாக ஓடித் தானாகத் திரும்பித் தானாக விழுந்து நேரும் காயங்களைப் பற்றி. முழங்காலின் முன் குறுக்குத் தசைநார், அதாவது நம் மக்கள் ஜவ்வு என்று சொல்லும் பகுதிகளுள் முதன்மையானது, பெரும்பாலும் இப்படித்தான் அறுகிறது.

இவ்வகைக் காயங்களுக்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வு மையமும் நார்வே நாட்டு ஓஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையமும் பிறரும் கூடி 2006-ஆம் ஆண்டளவில் வகுத்த பயிற்சி முறை அது; 'ஃபிஃபா 11+' என்பது பெயர். பதினைந்து பயிற்சிகள், மூன்று பகுதிகள், மொத்தம் இருபது நிமிடங்கள். முதல் எட்டு நிமிடம் மெதுவான ஓட்டமும், ஓடியவாறே இடுப்பையும் தொடையையும் திறந்து மூடும் அசைவுகளும், தோழரோடு தோள் தட்டிக்கொள்ளும் துள்ளல்களும். அடுத்த பத்து நிமிடம் வலிமைக்கும் சமநிலைக்கும் உரியது: முழங்கைகளை ஊன்றி உடலைப் பலகையாக நிறுத்துதல், ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடித்தல், உட்கார்ந்து எழுதல், குதித்து மென்மையாக இறங்குதல். இறுதி இரண்டு நிமிடம் வேக ஓட்டமும் திசை மாற்றமும். வாரம் இருமுறையேனும் செய்தால் போதும். பந்து ஒன்றைத் தவிர வேறு பொருள் எதுவும் தேவையில்லை.

இதன் பயனை நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 சிறுமிகளிடம் சோதித்து, 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டார்கள். இந்தப் பயிற்சியைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன; கடுமையான காயங்கள் பாதியளவுக்குக் குறைந்தன. சிறுவர்களுக்கென்றே பின்னர் அமைத்த எளிய வடிவமும், நான்கு ஐரோப்பிய நாடுகளில் சோதிக்கப்பட்டபோது காயங்களை ஏறத்தாழப் பாதியாக்கியது. இப்படிப் பயன் தரும் ஒரு மாத்திரை சந்தைக்கு வந்திருந்தால் மருந்துக் கடைகளில் அதற்கு வரிசை நின்றிருக்கும். விளம்பரத்தில் நடிகர் வந்திருப்பார்.

இப்பயிற்சிகளுள் ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மாணவன் மண்டியிட்டு நிற்கிறான். பின்னால் ஒருவர் அவன் கணுக்கால்களைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். முழங்காலிலிருந்து தலை வரை நேர்கோடாக வைத்துக்கொண்டு அவன் மெல்ல முன்னோக்கிச் சாய்கிறான். தொடையின் பின்தசைகள் தாங்கும் வரை தாங்கி, முடியாத இடத்தில் கைகளை ஊன்றிக்கொள்கிறான். அவ்வளவுதான். நார்டிக் பயிற்சி என்று இதற்குப் பெயர். டென்மார்க்கில் 50 அணிகளில் 942 வீரர்களிடம் நடத்திய ஆய்வில் புதிய பின்தசைக் காயங்களை இது பாதிக்கும் கீழாகக் குறைத்தது. ஒருமுறை காயமுற்றவர்களுக்கு அது மீண்டும் வருவதைத் தடுப்பதில் பயன் இன்னும் அதிகம். முதல் வாரத்தில் தொடை வலிக்கும். அதற்கு அஞ்சி விட்டுவிடுபவர்கள் மிகுதி. ஐரோப்பாவின் பெரிய கழகங்களிலேயே இதை ஒழுங்காகச் செய்பவர்கள் சிறுபான்மையினரே.

அப்படியானால் நம் மைதானங்களில் இது ஏன் நடப்பதில்லை? பள்ளிகளில் உள்ள தடையை அனைவரும் அறிவோம். பி.டி. பீரியட் என்பது கணக்கு ஆசிரியருக்குப் பாடம் முடியாதபோது கடன் கொடுப்பதற்காக வைத்திருக்கும் நேரம். எஞ்சிக் கிடைக்கும் நாற்பது நிமிடத்தில் இருபதை உடலைத் தயார்செய்வதற்குக் கொடுங்கள் என்றால், ஒரு பந்துக்காக ஐம்பது பிள்ளைகள் காத்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர் சிரிக்காமல் என்ன செய்வார்? 1920-இலேயே ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் உடற்கல்விக்கென ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியைத் தொடங்கிய நகரம் இது. நம் ராயப்பேட்டையிலோ ஒய்.எம்.சி.ஏ. மைதானமே இருக்கிறது. உடற்கல்வியை ஒரு படிப்பாக நாட்டுக்கு அறிமுகம் செய்த ஊரில், அந்தப் பாடவேளை அனாதையாகக் கிடப்பது எங்களுக்கு வருத்தம் தருகிறது.

பெரியவர்களின் கதை வேறு. அண்மை ஆண்டுகளில் நகரெங்கும், மொட்டை மாடிகளில்கூட, செயற்கைப் புல் விரித்த டர்ஃப் மைதானங்கள் முளைத்திருக்கின்றன. மணிக்கணக்கில் வாடகை. இரவு பத்து மணிக்கு முன்பதிவு செய்த பத்துப் பேர், பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடலோடு, போக்குவரத்து நெரிசலைக் கடந்து ஐந்து நிமிடம் தாமதமாக வந்து சேர்கிறார்கள். ஒவ்வொரு நிமிடத்துக்கும் பணம் கொடுத்திருக்கையில் அதில் இருபதை மெதுவோட்டத்துக்குச் செலவிட யார் மனம் வரும்? வந்த வேகத்திலேயே பந்து உருளத் தொடங்குகிறது. வேறொரு விளையாட்டுக்கு வாங்கிய காலணி புல்லைக் கவ்விக்கொள்கிறது. உடல் திரும்புகிறது, பாதம் திரும்புவதில்லை. நடுவிலுள்ள முழங்கால்தான் இரண்டுக்கும் பஞ்சாயத்து செய்ய வேண்டியிருக்கிறது. டர்ஃப் உரிமையாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று: முன்பதிவு நேரத்துக்கு முன்னால் பதினைந்து, இருபது நிமிடம், மைதானத்தின் ஓரத்திலோ வாகன நிறுத்துமிடத்திலோ, கட்டணமின்றி உடலைத் தயார்செய்ய இடம் கொடுங்கள். வாடிக்கையாளர் நொண்டாமல் வீடு திரும்பினால் அடுத்த வாரமும் வருவார்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்ற பின், தமிழ்நாட்டில் பெண்கள் கால்பந்தாடுவதைப் பற்றி முகம் சுளிப்பவர்கள் குறைந்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் ஒரே ஆட்டத்தை ஒரே அளவு ஆடும்போது, முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுவதற்கான வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்கு அதிகம். இடுப்பெலும்பின் அமைப்பு, குதித்திறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடங்கும் பழக்கம், சிறு வயதில் ஓடியாட விடாமல் வளர்த்துவிட்டுப் பதினைந்து வயதில் திடீரென அணியில் சேர்ப்பது எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. நார்வேயின் ஆய்வு சிறுமிகளிடமே நடத்தப்பட்டது என்பதை மீண்டும் நினைவூட்டுகிறோம். எந்தப் பிள்ளைக்கு இந்த இருபது நிமிடம் மிகவும் தேவையோ, அந்தப் பிள்ளைக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

2022 நவம்பரில் இந்நகரில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கால்பந்தாடிய 17 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் முழங்கால் ஜவ்வுக் காயத்துக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதன் பின் காலில் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. காலையே அகற்ற நேர்ந்தது. 15-ஆம் நாள் அவர் உயிரிழந்தார். மருத்துவமனைகள் தங்களைப் பற்றி எழுதும் இதழ்களில் இத்தகைய நிகழ்வுகளைக் குறிப்பிடுவதில்லை. நாங்கள் குறிப்பிடுகிறோம். ஜவ்வு அறுவைச் சிகிச்சை இன்று நாள்தோறும் நடப்பது. மிகப் பெரும்பாலோர் நலமாக வீடு திரும்புகிறார்கள். எனினும் எந்த அறுவைச் சிகிச்சையும் சிறியதன்று. காயத்தைத் தடுப்பது என்பது அந்த மேசைமேல் படுக்க வேண்டிய தேவையையே தடுப்பது.

அறுவைச் சிகிச்சை தவிர்க்க முடியாமற்போனால், கட்டுப் போட்ட காலை எப்படிக் கவனிப்பது என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். கொடுத்த மருந்துக்கும் அடங்காமல் நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும் வலி, விரல்கள் மரத்துப்போதல், விரல்களை அசைக்க இயலாமை, அல்லது பிறர் அசைத்தால் உயிர் போகும் வேதனை, பாதம் சில்லிட்டு வெளிறுதல் அல்லது கருநீலமாதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. செவிலியரை அழையுங்கள், வந்தவர் "வலிக்கத்தான் செய்யும்" என்று சொன்னால் மருத்துவரை அழையுங்கள், வீட்டில் இருந்தால் உடனே புறப்பட்டு வாருங்கள். இத்தகைய நேரத்தில் தொந்தரவு கொடுக்கும் குடும்பமே நல்ல குடும்பம். எங்கள் ஊழியர்களுக்கும் இதைச் சொல்லியிருக்கிறோம்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருவோம்: எத்தனை நாளில் ஆடலாம்? குறுக்குத் தசைநார் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு எங்கள் விடை, ஒன்பது மாதத்துக்கு முன் கேட்கவே வேண்டாம் என்பது. ஒன்பது மாதம் வரை, திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மீண்டும் காயம் நேரும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாக்குகிறது என்று நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். ஒன்பது மாதம் ஆனபின்னும் நாட்காட்டியை மட்டும் பார்த்து அனுமதி தர இயலாது. அறுவை செய்த காலின் தொடை வலிமை மற்றதற்கு நிகராக வந்திருக்க வேண்டும். ஒற்றைக் காலில் தாவும் தூரம் ஒத்திருக்க வேண்டும். காலின்மேல் நம்பிக்கை வந்திருக்க வேண்டும். கழக வீரர்கள் தொலைக்காட்சியில் ஆறு, ஏழு மாதத்தில் திரும்புவதைப் பார்த்துவிட்டு எங்களிடம் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அவருக்குப் பகல் முழுவதும் உடனிருக்கும் இயன்முறை மருத்துவர் இருக்கிறார். அப்படி இருந்தும் அவர்களில் சிலர் இரண்டாம் முறை அறுத்துக்கொண்டு வருகிறார்கள்.

சுளுக்கு எடுப்பது பற்றியும் ஒரு சொல். கணுக்கால் பிசகியதும் எண்ணெய் தடவி உருவிவிடுவது நம் வீடுகளில் அன்பின் அடையாளம். அதைப் பழிக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் முதல் இரண்டு, மூன்று நாள்களில் உள்ளே கசியும் இரத்தத்தை உருவிவிடுதல் அதிகமாக்கும்; எலும்பில் விரிசல் இருந்தால் அதை விலக்கிவிடவும் கூடும். பாட்டியின் கையை நான்காம் நாள் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். அதற்குள் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம்.

கால்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டோம். மைதானத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதயம். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று சாய்ந்தார். மார்பை அழுத்தும் முதலுதவி அங்கேயே தொடங்கியது. இதயத்துக்கு மின்னதிர்வு தரும் கருவி களத்திலேயே இருந்தது. அவர் பிழைத்ததோடு, 2024-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் மீண்டும் ஆடிக் கோலும் அடித்தார். 2004 டிசம்பரில் பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில், கோல் அடித்த கணத்தில் கோல்காப்பாளரோடு மோதிச் சாய்ந்த டெம்போ கழகத்தின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் பிழைக்கவில்லை. இரண்டு நிகழ்வுகளும் ஒரே தன்மையன என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒருவர் தரையில் சாய்ந்த முதல் நிமிடங்களில் அருகில் இருப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருப்பது, இரண்டுக்கும் பொதுவான தேவை. உடற்கல்வி ஆசிரியர் ஒருவரேனும் மார்பழுத்தப் பயிற்சி பெற்றிராத பள்ளி, விளையாட்டு விழா நடத்தலாகாது என்பதே எங்கள் நிலைப்பாடு. குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென இறந்திருந்தாலோ, ஓடும்போது பிள்ளைக்கு மயக்கமோ மார்வலியோ வந்திருந்தாலோ, அணியில் சேர்க்கும் முன் ஒரு இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தரப்புக் குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இத்தனை ஆண்டுகளாக இயன்முறைப் பிரிவில் நோயாளிகளிடம் நாங்கள் கொடுத்துவந்த பயிற்சித் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பார்த்துக்கொள்கிறோம் சார்" என்று சொல்லிச் சென்ற பெற்றோர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருக்க முடியும் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அண்மையில் ஒரு தாய், மகனின் இரண்டாவது அறுவைச் சிகிச்சைக்கு வந்தபோது, முதல் முறை கொடுத்த அதே தாளை மடிப்புக் கலையாமல் எடுத்துக் காட்டினார். "இதுல என்ன சார் எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

பதினைந்து பயிற்சிகளும் படங்களோடு, தமிழில், ஒரே தாளில் இப்போது அச்சாகியிருக்கின்றன. இயன்முறைப் பிரிவின் வாசலில் வைத்திருக்கிறோம். எங்கள் நோயாளியாக இருக்க வேண்டியதில்லை, பணமும் இல்லை. மைதானத்தில் பிள்ளைகளை ஆடவைக்கும் யாரும், உடற்கல்வி ஆசிரியரோ தெரு அணியின் அண்ணனோ, வேண்டுமளவு எடுத்துச் செல்லலாம். நார்டிக் பயிற்சியை மட்டும் முதல் முறை ஒருவர் பிடித்துக் காட்டினால் நன்று; சனிக்கிழமை பிற்பகல் வந்தால் எங்கள் இயன்முறை மருத்துவர்கள் காட்டித் தருவார்கள்.